புதுப்பிப்பு: அம்பாசடரின் பம்பர்கள் கழன்றன

என்னுடைய 1972-ஆம் ஆண்டு அம்பாசடர் மார்க் 2 காரின் பம்பர் போல்ட்டுகள் துருவேறி அசைய மறுக்கின்றன என்று சென்ற மாதம் எழுதியிருந்தேன். இப்போது இரண்டு பம்பர்களும் தரையில் கிடக்கின்றன.

முன்பக்கத்தில், கம்பித் தூரிகையால் மரைகளைத் தேய்த்து, நான்கு நாட்கள் காலையும் மாலையும் துருநீக்கி எண்ணெயை ஊறவிட்ட பின், நட்டுகளை முதலில் இறுக்கும் திசையில் இம்மியளவு அசைத்துத் துருவின் பிடியை உடைத்து, பிறகு முன்னும் பின்னுமாக மாற்றி மாற்றித் திருப்பியதில், ஒன்றைத் தவிர மற்றவை முழுதாகக் கழன்றன. பன்னிரு முனை ரிங் ஸ்பானர் வழுக்கி நட்டின் முனைகளைத் தேய்த்ததால் அறுமுனைச் சாக்கெட்டுக்கு மாறினேன். அதை முதலிலேயே செய்திருக்க வேண்டும்.

எஞ்சிய ஒன்றுதான் பாடாய்ப்படுத்தியது. அந்தப் போல்ட்டின் தலை ஸ்பானர் பிடிக்க இடமில்லாத வழவழப்பான குமிழ். அது சுழலாமல் தடுப்பது பம்பரின் சதுரத் துளையில் அமரும் சதுரக் கழுத்து மட்டுமே. துளையைத் துரு தின்றிருந்ததால் நட்டோடு போல்ட்டும் சேர்ந்தே சுழன்றது. சூடேற்றினால் குரோமியப் பூச்சு நிறம் மாறிவிடும் என்பதால், நட்டின் ஒரு பக்கத்தை ஆக்ஸா பிளேடால் மரை வரை அறுத்து உளியால் பிளந்தேன்.

பின்பக்கத்தில் பெட்ரோல் டாங்க் அருகிலிருப்பதால் நெருப்பும் கிரைண்டரும் கூடாது என்று சிலர் எச்சரித்தது மிகச் சரி. அங்கே எண்ணெயை மட்டுமே நம்பினேன், கூடுதலாக ஒரு வாரம் பிடித்தது. புதிய போல்ட்டுகளை, மீண்டும் துருவேறி இறுகாமலிருக்க, செம்புத்தூள் கலந்த கிரீஸ் தடவியே பொருத்தப் போகிறேன்.