நடந்தால் பிட்டத்தில் வலி, நின்றால் போய்விடும்: என் அனுபவம்

சேலத்துக்காரன்:
வயது 59, முப்பத்தைந்து வருடம் பீடி, சிகரெட். பஸ் ஸ்டாண்டிலிருந்து வீட்டுக்கு வரும்போது பாதி வழியில் டீக்கடை, அங்கே நின்றுவிடுவேன், டீக்காக இல்லை, இடது பிட்டச் சதை கல்லாட்டம் இறுகிவிடும். இரண்டு நிமிடம் சும்மா நின்றால் போதும், சரியாகிவிடும். முதுகெலும்புத் தேய்மானம் என்று பெல்ட், பிசியோ என ஒன்றரை வருடம் ஓடியது. கடைசியில் ஒரு வாஸ்குலர் (ரத்தக் குழாய்) டாக்டர் தொடை இடுக்கில் விரல் வைத்துப் பார்த்தார். வலது பக்கம் துடிப்பு உடனே கிடைத்தது, இடது பக்கம் தேடிக்கொண்டே இருந்தார். கணுக்கால் பிரஷரைக் கைப் பிரஷரால் வகுத்தால் 0.9-க்கு மேல் வரவேண்டுமாம், எனக்கு 0.55. தொப்புள் மட்டத்தில் பெரிய ரத்தக் குழாய் கால்களுக்கு இரண்டாகப் பிரிகிற இடத்துக்குச் சற்றுக் கீழே அடைப்பு.

இடுக்கு வழியாக ரத்தக் குழாய்க்குள் சின்ன பலூனை விட்டு அடைப்பைத் திறந்தார்கள். முழு மயக்கம் இல்லை, இடுக்கில் மரத்துப்போக ஊசி மட்டும். பலூனை ஊதும்போது அடிவயிற்றில் ஒரு அமுக்கம், "வலி அதிகமானா உடனே சொல்லுங்க" என்று கேட்டுக்கொண்டே இருந்தார்கள் (குழாய் கிழிந்துவிடுமோ என்றுதான், அப்புறம் தெரிந்தது). ஸ்டென்ட் (குழாயைத் திறந்தே வைக்கும் வலைக்குழல்) வைத்ததும் ஜில்லென்று கிடந்த பாதம் சூடானது. ஆனால் பிறகு ஆறு மணி நேரம் காலை மடக்காமல் மல்லாந்து கிடந்ததற்கு அந்தப் பலூனே தேவலை.

ஈரோட்டு மருமகள்:
அண்ணா, மாமியாருக்கும் இதேதான், கூடவே சர்க்கரை, கிட்னி எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியேட்டினின் 1.8, அதிகம். எக்ஸ்ரேயில் குழாய் தெரிவதற்காக ஏற்றும் டை (சாய மருந்து) கிட்னியைப் பாதிக்கலாம் என்று முதலிலேயே சலைன் ஏற்றினார்கள், மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை மாத்திரையை நிறுத்தி, இரண்டு நாள் கழித்து ரத்தம் பார்த்துத்தான் திரும்பக் கொடுத்தார்கள். பார்க்க வந்தவர்கள் எல்லாம் "ஸ்டென்ட் ஹார்ட்டுக்குத்தானே?" என்றார்கள். 1964-ல் அமெரிக்காவில் சார்லஸ் டாட்டர் என்ற டாக்டர் முதன்முதலில் அடைப்பைத் திறந்ததே ஒரு பாட்டியின் காலில்தான், இதயத்துக்குப் பலூன் போனது 1977-ல். யாரிடம் சொல்ல!

நைட் ஷிஃப்ட்:
எனக்கு இரண்டு பக்கமும் அடைப்பு, இரண்டு இடுக்கிலும் துளை போட்டு ஒரே நேரத்தில் ஸ்டென்ட் வைத்தார்கள். கூச்சத்தை விட்டுச் சொல்கிறேன், நடக்கும்போது வலியோடு ஆண்மைக் குறைவும் சேர்ந்திருந்தால் டாக்டரிடம் மறைக்காதீர்கள், அங்கே போகிற ரத்தமும் அதே குழாயின் கிளைதான். நான் நாலு மாதம் மறைத்தேன். இப்போது ரத்தம் உறையாமல் இருக்க ஆஸ்பிரின், குளோபிடோக்ரல், கூடவே கொழுப்பு மாத்திரை. சிகரெட்டை மட்டும் இன்னும் முழுசாக விட முடியவில்லை.

சேலத்துக்காரன்:
தம்பி, முதலில் அதை விடுங்கள், வைத்த ஸ்டென்ட்டும் அடைத்துக்கொள்ளும். அப்புறம், நீங்கள் சொன்ன அந்த விஷயம் ஸ்டென்ட்டுக்குப் பிறகு சரியானதா? தனியாக மெசேஜ் போட்டாலும் போதும்.