டைவர்ஸ் வேண்டாம், சட்டப்படி பிரிந்து மட்டும் இருக்க வழி உண்டா?

தாமிரபரணிக்கரை:
இந்து முறைக் கல்யாணம், எட்டு மாதம் ஆகிறது. சேர்ந்து வாழ முடியவில்லை. டைவர்ஸுக்குப் பெண் வீட்டில் மனசில்லை. நூறு ரூபாய் பத்திரத்தில் "இருவரும் சம்மதித்துப் பிரிந்து வாழ்கிறோம்" என்று எழுதி நோட்டரி முத்திரை வாங்கினால் போதும் என்கிறார்கள் ஊர்ப் பெரியவர்கள். செல்லுமா? பிறகு மனசு மாறினால்?

வழக்குக்கட்டு:
அந்தப் பத்திரத்தில் பெண் கையெழுத்துப் போடவே கூடாது. அதனால் கல்யாணம் ரத்தாகாது, கோர்ட் பிரிவினையும் ஆகாது. ஆனால் ஜீவனாம்சத்துக்கு வேட்டு வைக்கும். புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பி.என்.எஸ்.எஸ். 144(4), அதாவது பழைய சி.ஆர்.பி.சி. 125(4), பரஸ்பர சம்மதத்தில் பிரிந்திருக்கும் மனைவிக்கு அந்தப் பிரிவில் ஜீவனாம்சம் கிடையாது என்கிறது. எதிர்த்தரப்பு வக்கீல் முதலில் நீட்டும் காகிதம் இதுவாகத்தான் இருக்கும்.

முறையான வழி இந்து திருமணச் சட்டம் பிரிவு 10, ஜுடிஷியல் செபரேஷன், அதாவது கல்யாணம் நீடிக்க, பிரிந்து வாழ கோர்ட் தரும் தீர்ப்பு. கல்யாணமாகி ஒரு வருடத்துக்குள் டைவர்ஸ் மனு போடப் பிரிவு 14 தடை போடுகிறது. தனி அனுமதி வாங்க வேண்டும். பிரிவு 10-க்கு அந்தத் தடை இல்லை. பலர் ஏமாறும் இடம் வேறு: பரஸ்பர சம்மத டைவர்ஸுக்கான 13பி மாதிரி கூட்டு மனு இதில் இல்லை. 1976 திருத்தத்துக்குப் பிறகு டைவர்ஸுக்கு உள்ள அதே காரணங்களை ஒருவர் மற்றவர்மேல் நிரூபிக்க வேண்டும். கைவிட்டுப் போனார் என்பதற்கு இரண்டு வருடம் வேண்டும், எட்டு மாதத்தில் நிற்காது. பெரும்பாலும் மிஞ்சுவது கொடுமை. "ஒத்துவரவில்லை" என்று மட்டும் எழுதினால் மனு தேறாது. என்ன நடந்தது, எந்தத் தேதி, யார் பார்த்தார்கள் என்று வர வேண்டும்.

மனைவி மனு போட்டால், தான் இப்போது குடியிருக்கும் ஊர்க் குடும்பநல நீதிமன்றத்திலேயே போடலாம் (2003 திருத்தம்). கூடவே பிரிவு 24-ல் இடைக்கால ஜீவனாம்ச மனுவையும் போட்டுவிடுங்கள்.

மூன்றாம்வாய்தா:
தீர்ப்புக்குப் பிறகு என்ன என்பதையும் சொல்லிவிடுகிறேன். சேர்ந்து வாழும் கடமை போகும், கல்யாணம் அப்படியே இருக்கும். மறுமணம் செய்தால் இருதார மணக் குற்றம். பிரிந்திருக்கும் மனைவியைச் சம்மதமில்லாமல் உறவுக்கு உட்படுத்தினால் புதிய தண்டனைச் சட்டமான பி.என்.எஸ். 67-ல் 2 முதல் 7 வருடம் சிறை. உயில் எழுதாமல் கணவர் இறந்தால், பிள்ளைகள், மாமியாரோடு மனைவியும் முதல் வகுப்பு வாரிசு. அது வேண்டாம் என்றால் உயில் எழுத வேண்டும்.

மனசு மாறினால் தீர்ப்பை ரத்து செய்யக் கோரி அதே கோர்ட்டில் மனு போடலாம். மாறாவிட்டால், தீர்ப்புத் தேதியிலிருந்து ஒரு வருடம் சேர்ந்து வாழாமல் இருந்தால், 13(1ஏ)-ல் இருவரில் யார் வேண்டுமானாலும் டைவர்ஸ் கேட்கலாம். டைவர்ஸே வேண்டாம் என்று இந்த வழிக்கு வரும் பெண் வீட்டார் கவனிக்க வேண்டிய பிரிவு இது. ஆனால் தானாகக் கிடைத்துவிடாது. மனைவி வாங்கிய செபரேஷன் தீர்ப்பை வைத்து டைவர்ஸ் கேட்ட கணவருக்கு, ஜீவனாம்சமும் கொடுக்கவில்லை, வேறு பெண்ணோடு தொடர்பையும் விடவில்லை என்று 2001-ல் உச்ச நீதிமன்றம் மறுத்தது.

தாமிரபரணிக்கரை:
பத்திரத்தை நிறுத்தச் சொல்லிவிட்டேன். கிறிஸ்தவர்களுக்கும் இதே சட்டமா?

வழக்குக்கட்டு:
இல்லை, அவர்களுக்கு 1869 விவாகரத்துச் சட்டம் பிரிவு 22. பிறர் தொடர்பு, கொடுமை, இரண்டு வருடம் கைவிட்டது, இந்த மூன்றுதான் காரணம். பதிவுத் திருமணம் ஸ்பெஷல் மேரேஜ் சட்டத்தில் நடந்திருந்தால் அதில் பிரிவு 23. சான்றிதழில் எந்தச் சட்டம் என்று பார்த்துவிட்டு மனு எழுதச் சொல்லுங்கள்.