ஹீலியோஸ் தூரத்தைப் பிடிக்குமா, பிடிக்காதா?

கோணமலையான்: கையால் வளையம் திருகும் பழைய மனுவல் லென்ஸ் ஒன்றுமே டிஜிட்டல் கமராவில் இன்பினிட்டிக்குப் போகாது, அதாவது எட்டத்தில் உள்ளதைத் தெளிவாகப் பிடிக்காது, காசைக் கடலில் போடாதீர்கள் என்று நேற்று இங்கே ஒருவர் எழுதிவிட்டுப் போயிருக்கிறார். என்னுடைய ஹீலியோஸ் 44-2, 58 எம்.எம்., மூன்று வருசமாகச் சோனி மிரர்லெஸ் கமராவில்தான் கிடக்கிறது. திருகோணமலைக் கோணேசர் கோயிலடியில் நின்று தூரத்தில் போன கப்பலை எடுத்தேன், அதிலிருந்த பாரந்தூக்கிகளை எண்ணலாம். எழுத முதல் ஒருக்கால் மாட்டிப் பார்த்தாராமா?

உப்புவெளிக்காரன்: எழுதினது நான்தான், ஒளிக்கவில்லை. மாட்டிப் பார்த்துத்தான் சொன்னேன். நிக்கோன் டி5600 கமரா, எம்42 என்ற பழைய திருகு லென்ஸ்களை மாட்டும் அடாப்டர், நீர் சொல்லும் அதே ஹீலியோஸ். கோட்டைக்குள் மான் கிட்ட வந்து நின்றது, இமை மயிர்கூடத் தெரிந்தது. அப்படியே கடல் பக்கம் திருப்பினால் எல்லாம் மசமச. வளையத்தைக் கடைசிவரை திருகியும் மசமச. பிடிக்காது.

கோணமலையான்: அது நிக்கோனின் உடம்பு வாகு ஐயா! எம்42 லென்ஸ் சென்சரிலிருந்து 45.46 மி.மீ. தள்ளி இருக்கவேண்டும், அதற்கு மேல் தள்ளினால் தூரம் தெளியாது. நிக்கோனில் லென்ஸ் மாட்டும் வாயே 46.5இல் இருக்கிறது, அதற்கு மேல் அடாப்டரின் தடிப்பு வேறு. கெனன் டிஎஸ்எல்ஆரில் 44, மெல்லிய அடாப்டர் போதும். சோனியில் வெறும் 18, மிச்சத்தை அடாப்டர் நிரப்பும்.

உப்புவெளிக்காரன்: கணக்கு வாத்தியார் வந்துவிட்டார். ஒரு மில்லிமீட்டருக்குக் கப்பல் காணாமல் போகுமோ?

கோணமலையான்: போகும்! 45.46! திரும்ப எழுதவா?

நிலாவெளி நண்டு: உள்ளே லென்ஸ் கண்ணாடி வைத்த அடாப்டர் போட்டால் நிக்கோனிலும் போகுமே?

கோணமலையான்: போகும், ஆனால் எஃப்2இல் ஒளித்துளையை முழுக்கத் திறந்தால் படம் சோர்ந்துவிடும். அதைவிட நிக்கோனின் சொந்தப் பழைய, ‘ஏஐ’ என்ற வகை மனுவல் லென்ஸ் வாங்கலாம், அடாப்டரே வேண்டாம், இன்பினிட்டிக்கு நேரே போகும். என்ன, டி5600 அதற்கு ஒளி அளந்து தராது.

உப்புவெளிக்காரன்: முதலில் ‘ஆனால்’, இப்போது ‘என்ன’. இதைத்தானே நேற்றே சொன்னேன்.

மான்குட்டி: இன்பினிட்டி கிடக்கட்டும். போன மாரிக்கு என்னுடைய சூப்பர் டாக்குமார் லென்ஸைக் கொண்டுபோன கோணமலையான் அண்ணை அதைப் பூஞ்சணத்தோடு திருப்பித் தந்த கதையையும் எழுதட்டும்.

கோணமலையான்: தம்பி, அதன் தோரியம் கலந்த கண்ணாடி தேத்தண்ணி நிறத்தில் மஞ்சளித்துக் கிடந்ததை வெயிலில் வைத்து வெளுக்கப் பண்ணினது யார்? பூஞ்சணம் முதலே இருந்தது, டோர்ச் அடித்துக் காட்டினேன். உப்புக் காற்றடிக்கிற ஊரில் தோல் பைக்குள் போட்டுப் பூட்டிவைத்தால் வேறென்ன வரும்?

மான்குட்டி: தரும்போது பை புதுசு. வரும்போது லென்ஸ்மூடியும் இல்லை.

நிலாவெளி நண்டு: மூடியையும் கடலில் போட்டாரோ?

கோணமலையான்: நண்டு, உமக்கு இதில் என்ன வேலை? 45.46க்குப் பதில் சொல்ல ஆளில்லை, மூடியைத் தேடுகிறீர்கள்.

உப்புவெளிக்காரன்: பதில் இருக்கட்டும், அந்தக் கப்பல் படம் எங்கே? எண்ணலாம் என்றீர், போடும், எண்ணுவோம்.

கோணமலையான்: பழைய ஹார்ட் டிஸ்கில் இருக்கிறது. தேடிப் போடுகிறேன்.

உப்புவெளிக்காரன்: பிடிக்காது.