சுங்கை சிப்புட் மேளமும் பாட்டும்: பழகியவர்கள் சொல்லுங்கள்

மலேசியாவின் பேராக் மாநிலத்தில் இருக்கும் எங்கள் ஊர் சுங்கை சிப்புட் என்றதும் வெளியூர்க்காரர்கள் இரண்டு விஷயம் சொல்வார்கள். 1948 ஜூன் 16-ஆம் தேதி இந்த வட்டாரத் தோட்டங்களில் மூன்று வெள்ளைக்காரத் துரைமார் சுட்டுக் கொல்லப்பட்டதும், அதைத் தொடர்ந்து மலாயா முழுக்க அவசரகாலம் வந்ததும் ஒன்று. மலேசிய இந்தியர் காங்கிரஸ் தலைவராகவும் அமைச்சராகவும் இருந்த துன் சம்பந்தன் பிறந்த ஊர் என்பது இன்னொன்று. இங்கே என்ன மேளம் அடிக்கிறார்கள், யார் பாடுகிறார்கள் என்று ஒருவரும் கேட்பதில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

சாயங்காலம் வெயில் தாழ்ந்த பிறகு தாமான் (குடியிருப்பு) பக்கம் ஒரு நடை போனால் போதும். கோயில் கொட்டகையில் உறுமி மேளப் பயிற்சி நடக்கும். இரண்டு தெரு தள்ளி ஒரு வீட்டு முன்கூடத்தில் பிள்ளைகள் சுருதிப்பெட்டியை வைத்துக்கொண்டு தேவாரம் படிப்பார்கள். இன்னொரு வீட்டுப் பின்னறையில் ஒரு பையன் ராப் எழுதிக்கொண்டிருப்பான். சனிக்கிழமை என்றால் மண்டபத்தில் கல்யாண விருந்து, கரோக்கே. தோட்டம் போச்சு, லயம் (தோட்டத்து வரிசை வீடுகள்) போச்சு, இனிமேல் நம்மிடம் என்ன இருக்கிறது என்று பேசுகிறவர்கள் ஒரு வாரம் இங்கே வந்து தங்க வேண்டும்.

நான் பழகிய ஒரு தாத்தாவிலிருந்து தொடங்குகிறேன். ரப்பர் மரத்தில் பால் வெட்டிப் பிழைத்தவர். அவருடைய அப்பாவும் தோட்டத்தில் தப்பு (பறை) அடித்தவர். கல்யாணம், கருமாதி, அம்மன் திருவிழா எதுவானாலும் அந்தக் காலத்தில் முதலில் தகவல் போவது இவர்கள் வீட்டுக்குத்தான். ஆனால் மரியாதை? "மேளம் வேணும் தம்பி, ஆனா மேளக்காரன் வாசலோட நிக்கணும். தேத்தண்ணிகூட தனி மங்குலதான் வரும்" என்றார். அதைச் சொல்லும்போது அவர் குரலில் கோபம் இல்லை, கேட்டுக்கொண்டிருந்த எனக்குத்தான் வந்தது.

இன்று அவரிடம் கற்றுக்கொள்ள வரும் பிள்ளைகள் எந்த வீட்டுப் பிள்ளைகள் என்று யாரும் பார்ப்பதில்லை. ஒரு காலத்தில் தப்பைத் தொட மாட்டோம் என்று இருந்த குடும்பங்களின் பேரப் பிள்ளைகள் அவர் காலடியில் உட்கார்ந்து கற்றுக்கொள்கிறார்கள். எங்கள் ஊர் இசையில் நடந்த மிகப் பெரிய மாற்றம் இதுதான் என்பேன். மேடை போட்டுப் பேசி இது வரவில்லை. உறுமி மேளம் இளைஞர்கள் மத்தியில் கௌரவமான விஷயமாக ஆனதால் வந்தது. சாதி முழுக்கப் போய்விட்டது என்று நான் சொல்லவில்லை. கல்யாணப் பேச்சில் அது இன்னும் தலை காட்டுகிறது. மேளக் கொட்டகையில் காட்டுவதில்லை.

அவர் தப்புக் காய்ச்சுவதைப் பார்க்க வேண்டும். எங்கள் ஊரில் மழை எப்போது வரும் என்று சொல்ல முடியாது. ஈரக்காற்று பட்டாலே தோல் தொய்ந்துவிடும். கோயில் பின்புறம் காய்ந்த மட்டையையும் பழைய நாளிதழையும் போட்டுக் கொளுத்தி, தப்பை நெருப்புக்கு மேலே பிடித்து மெல்லத் திருப்புவார். நடுவில் எடுத்து விரலால் ஒரு தட்டு, காதைப் பக்கத்தில் கொண்டுபோய்க் கேட்பார். "இன்னும் வேகல" என்று மறுபடி காட்டுவார். பக்கத்தில் நின்ற பையன் ஒருவன், "தாத்தா, ஃபைபர் தோல் வாங்கிட்டா இந்த வேலையே இல்லயே" என்றான். "வாங்கு, வேணாங்கல. ஆனா காய்ச்சத் தெரிஞ்சுக்கிட்டு அப்புறம் வாங்கு" என்றார். அந்தப் பையன் இப்போது இரண்டும் வைத்திருக்கிறான். மழை நாளுக்கு ஃபைபர், சாமி புறப்பாட்டுக்குத் தோல்.

அடுத்து உறுமிக் குழு. கேட்டே பழகாதவர்களுக்காகச் சொல்கிறேன். உறுமி இடை சிறுத்த மேளம், இரண்டு பக்கமும் தோல். ஒரு பக்கத்தைக் குச்சியால் அடிப்பார்கள், மறுபக்கத்தில் வளைந்த குச்சியை அழுத்தித் தேய்ப்பார்கள். அந்தத் தேய்ப்பில்தான் நெஞ்சைப் பிடிக்கும் உறுமல் வருகிறது. கூடவே குந்தளம் என்ற இன்னொரு மேளம், தப்பு, ஜால்ரா. காவடிக்கு ஓர் அடி, கரகத்துக்கு ஓர் அடி, சாவு ஊர்வலத்துக்கு ஓர் அடி. மாற்றி அடித்தால் கூட்டத்தில் இருக்கும் பாட்டிகளே அதட்டிவிடுவார்கள். எங்கள் ஊர் மேளம் தரமாக இருப்பதற்கு அந்தப் பாட்டிகள்தான் காரணம் என்பது என் முடிவு. காது தேறிய கூட்டம் இருந்தால்தான் கை தேறும்.

தைப்பூசத்துக்கு இந்தக் குழுக்கள் ஈப்போவுக்குப் போகும். அங்கே புந்தோங்கிலிருந்து கல்லுமலை முருகன் கோயில் வரைக்கும் காவடிக்கு முன்னால் அடித்துக்கொண்டே நடக்க வேண்டும். சில குழுக்கள் பத்துமலைக்கும் போகும். போன தைப்பூசத்தில் ஒரு குழுவோடு நானும் நடந்தேன். உறுமி தேய்க்கும் பையனின் கட்டைவிரல் தோல் கிழிந்துவிட்டது. பிளாஸ்டர் சுற்றிக்கொண்டு மறுபடி எடுத்தான். "காவடி எடுத்தவரு அலகு குத்திக்கிட்டு நடக்கிறாரு, எனக்கு விரலுதானண்ணே" என்றான். பகலில் தொழிற்சாலை வேலை, ராத்திரி பயிற்சி என்று இருக்கும் பையன். உறுமி மேளம் அடிப்பவன் என்றாலே கெட்ட சகவாசம் என்று முகத்தைச் சுளிப்பவர்கள் நம்மில் உண்டு. ஒன்றிரண்டு குழுக்களில் சண்டை சச்சரவு நடந்திருக்கலாம். அதற்காக இந்தப் பிள்ளையைப் போன்றவர்களையும் சேர்த்துத் திட்டுவதை என்னால் ஏற்க முடியாது.

உறுமிக்காரர்களே கைகட்டி நிற்கும் ஓர் ஆள் எங்கள் ஊரில் உண்டு. முனியாண்டி கோயில் பூசாரி. உடுக்கையை எடுத்து வர்ணிப்புப் பாட ஆரம்பித்தால் மேளம் முழுக்க நின்றுவிடும். ஒலிபெருக்கி வேண்டாம் என்பார். முதலில் தாழ்ந்த குரலில் சாமி எங்கிருந்து புறப்பட்டு, எந்தக் காடு கடந்து, எந்த ஆற்றங்கரையில் நின்றது என்று வழி சொல்லிக்கொண்டே வருவார். அந்த வழியில் ஊர்ப் பெயர்கள் மதுரைப் பக்கத்தில் தொடங்கும். கப்பல் ஏறும், பினாங்கில் இறங்கும், ரயில் பிடிக்கும், கடைசியில் எங்கள் தோட்டத்துப் பாலத்துக்குப் பக்கத்தில் வந்து நிற்கும். யாரும் எழுதி வைத்ததில்லை. பாடப் பாட நீண்டுகொண்டே போகும். லயம் இடிக்கப்பட்டு மக்கள் தாமானுக்கு வந்த பிறகு, அந்தப் புது வீட்டு வரிசையையும் அவர் வழியில் சேர்த்துக்கொண்டார். கேட்டபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது.

அவருடைய பேரன்தான் நான் மேலே சொன்ன ராப் எழுதும் பையன். ராப் பாடகர் யோகி பி கோலாலம்பூர்க்காரர், நட்சத்ரா குழுவின் டாக்டர் பர்னும் எம்சி ஜெஸ்ஸும் ஈப்போக்காரர்கள். 2006-இல் அவர்கள் சேர்ந்து போட்ட ஆல்பம் வந்தபோது எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். தமிழில், நம் பேச்சில், அரை மணி நேரத் தூரத்தில் இருப்பவர்கள் செய்திருக்கிறார்கள் என்றால் நாமும் செய்யலாம் என்ற துணிச்சல் அப்போது வந்தது. இந்தப் பேரன் அப்போது பால்குடிப் பிள்ளை. இருந்தாலும் அந்த அலைதான் அவன் அண்ணன்மார் வழியாக அவனிடம் வந்து சேர்ந்திருக்கிறது.

அவன் ஸ்டூடியோவைப் பார்க்கப் போனேன். ஜன்னலை அடைத்து ஒரு மெத்தை, மேசைமேல் மடிக்கணினி, ஒரு மைக். பதிவு பண்ணும்போது ஃபேனை நிறுத்திவிடுவான், சட்டை நனைந்துவிடும். ரயில் போகும் நேரத்தைப் பென்சிலால் சுவரில் எழுதி வைத்திருக்கிறான், அந்த நேரத்தில் மைக்கைத் திறக்க மாட்டான். எனக்குப் போட்டுக் காட்டிய பாட்டில் தாத்தாவின் உடுக்கை வந்தது. தாத்தா சம்மதித்தாரா என்று கேட்டேன். "சாமி பேர் வர்ற இடத்த மட்டும் எடுக்காதேன்னாரு, மத்தது உன் இஷ்டம்னாரு" என்றான். சொன்னபடியே செய்திருந்தான்.

சரி, நான் நிறைய எழுதிவிட்டேன். மற்றவர்கள் தொடருங்கள்.

தேவார வகுப்பு நடத்தும் டீச்சர்:

வணக்கம் தம்பி. படித்தேன், சந்தோஷம். என் பங்குக்கு ஒன்று சொல்கிறேன்.

மலேசிய இந்து சங்கம் ஆண்டுதோறும் திருமுறை ஓதும் விழா நடத்துகிறது. வட்டாரம், மாநிலம், தேசியம் என்று படிப்படியாகப் போகும். அதற்காகத்தான் பெரும்பாலான பெற்றோர் பிள்ளைகளை அனுப்புகிறார்கள். கோப்பை வாங்கியதும் நிறுத்திவிடுவார்கள் என்ற கவலை எனக்கு ஆரம்பத்தில் இருந்தது. ஆனால் பாதிப் பேர் நிற்பதில்லை. என்னிடம் படித்த ஒரு பெண், அம்மா இல்லாத பிள்ளை, அப்பா செம்பனைத் தோட்டத்தில் லோரி ஓட்டுகிறார். இரண்டு வருடம் வாயே திறக்காமல் பின் வரிசையில் உட்கார்ந்திருந்தாள். ஒரு நாள் கரண்ட் போய்விட்டது, மின்சுருதி நின்றுவிட்டது. இருட்டில் யாரோ சுருதி பிசகாமல் தொடர்ந்து பாடுகிறார்கள். பார்த்தால் அவள்தான். காந்தாரப் பஞ்சமம் என்ற தேவாரப் பண்ணை அந்தப் பிடியோடு பிடித்துக்கொண்டு போகிறாள்.

இப்போது கோயிலில் காலை பூசைக்கு அவள்தான் ஓதுகிறாள். போன மாதம் நீங்கள் சொன்ன அந்தப் பேரன் என்னிடம் வந்து, "டீச்சர், அக்காவை ஒரு பாட்டுக்குக் கேட்கலாமா?" என்றான். வரிகளைக் காட்டு என்றேன். கேட்டதும் போனை நீட்டிவிட்டான். அம்மாவைப் பற்றிய பாட்டு, கெட்ட வார்த்தை ஒன்றும் இல்லை. அவள் அப்பாவிடம் நானே பேசினேன். பதிவின்போது நானும் போய் உட்கார்ந்திருந்தேன். தேவாரம் பாடும் பிள்ளை ராப் பாட்டில் பாடலாமா என்று இரண்டு பேர் கேட்டார்கள். குரல் சுத்தமாக இருக்கிறது, சொல் சுத்தமாக இருக்கிறது, இதில் என்ன தப்பு என்று திருப்பிக் கேட்டேன்.

சவுண்ட் செட் வாடகைக்கு விடுபவர்:

எல்லாக் குழுவுக்கும் ஸ்பீக்கர் ஏற்றி இறக்குகிறவன் நான். தோட்டத்தில் இருந்தபோது ராத்திரி முழுக்க மேளம் அடித்தாலும் கேட்க ஆளில்லை. தாமானில் பக்கத்து வீட்டில் சீனர் இருப்பார், எதிர்வீட்டில் மலாய்க் குடும்பம் இருக்கும், காலையில் வேலைக்குப் போக வேண்டும். திருவிழாவுக்கு ஒரு வாரம் முன்னாடியே வீடு வீடாகப் போய்ச் சொல்லிவிடுவோம். பாங்கு சொல்லும் நேரத்தில் நிறுத்துவோம். ராத்திரி சொன்ன நேரத்துக்கு அணைத்துவிடுவோம். கோயிலுக்குப் பின்வீட்டுச் சீன அங்கிள் முதல் வருடம் புகார் கொடுத்தார். அடுத்த வருடம் பால்குடம் எடுத்தார், இப்போது தண்ணீர்ப் பந்தலுக்கு ஐஸ் அவர் செலவு. முறையாகப் போய்ச் சொன்னால் கேட்பார்கள். சில குழுக்கள் வேண்டுமென்றே சத்தத்தைக் கூட்டிவிட்டு மேளத்துக்குத் தடை போடுகிறார்கள் என்று கத்துவது எனக்குப் பிடிக்காது.

குழுத் தலைவர்களுக்கு ஒன்று: உறுமிக்கு மைக்கை ஒட்டி வைக்காதீர்கள், இரைச்சல்தான் வரும். ஒரு முழம் தள்ளி, தேய்க்கும் பக்கத்தைப் பார்த்து வைத்தால் போதும்.

பினாங்கில் வேலை பார்க்கும் தம்பி:

அண்ணே, எங்கப்பா தோட்டத்து இசைக்குழுவில் ஆர்மோனியம் வாசித்தவர். மலேசியா வாசுதேவன் இங்கிருந்து போய்த் தமிழ் சினிமாவில் பாடியதை அவர் சொந்த வீட்டு விசேஷம் மாதிரிச் சொல்லுவார். அப்பா இறந்த பிறகு வீட்டில் ஒரு டப்பா நிறையக் கேசட் கிடைத்தது. தீபாவளிக் கலை இரவு, பள்ளி ஆண்டு விழா, கோயில் திருவிழா. மேலே கையால் எழுதிய தேதி மட்டும் இருக்கிறது, யார் பாடியது என்று இல்லை. சிலதில் பூஞ்சை பிடித்துவிட்டது. இதைச் சுத்தம் பண்ணிக் கணினியில் ஏற்றத் தெரிந்தவர் ஊரில் யாராவது உண்டா?

முதலில் எழுதியவர்:

தம்பி, பூஞ்சை பிடித்ததைத் தயவுசெய்து எந்தப் பிளேயரிலும் போட்டுப் பார்க்காதீர்கள். நாடா அறுந்துவிடலாம், பூஞ்சை மற்ற கேசட்டுகளுக்கும் தொற்றும். அவற்றைத் தனியாகப் பிரித்து வையுங்கள். நல்லதாக இருப்பவற்றை ஈரம் படாத இடத்தில் நிமிர்த்தி வையுங்கள், ஸ்பீக்கர் பக்கத்தில் வேண்டாம். ராப் பையனிடம் பேசிவிட்டேன், நல்ல நிலையில் உள்ளதை ஏற்றித் தருகிறேன் என்கிறான், காசு வேண்டாமாம். அடுத்த முறை ஊருக்கு வரும்போது டப்பாவைக் கொண்டுவாருங்கள். தாத்தாவையும் பூசாரியையும் உட்கார வைத்துக் கேட்க வைப்போம். குரலை வைத்தே யார் பாடியது என்று சொல்லிவிடுவார்கள். வேறு யார் வீட்டிலாவது கேசட் இருந்தால் அவர்களும் அன்றைக்கே எடுத்து வரலாம்.