கே ஆம்பளைங்களுக்கு ஆயுசு 20 வருஷம் கம்மின்னு கவர்மென்ட் கணக்கு இருக்கா?

வில்லாபுரத்தான்:
எங்க சொந்தக்கார வாட்ஸப் குரூப்புல சித்தப்பா ஒரு பார்வேர்டு போட்டுருக்காரு, ஓரினச்சேர்க்கை ஆம்பளைங்க மத்தவங்கள விட 20 வருஷம் முன்னாடியே செத்துருவாங்களாம், கனடா அரசாங்க புள்ளிவிவரம்னு வேற கீழ போட்டுருக்கு. என் அத்தை பையனும் அதே குரூப்புல இருக்கான், அவன் விஷயம் எனக்கு மட்டுந்தான் தெரியும், பாத்துட்டு கம்முனு இருக்கான், எனக்குத்தான் வயிறு எரியுது. இது நெசமா? நம்ம நாட்டுல இப்படி கணக்கு இருக்கா?

மாட்டுத்தாவணி மைனர்:
குரூப்ப மியூட் பண்ணிட்டு போங்க தம்பி. எங்க மாமா இஞ்சிச் சாறு குடிச்சா 120 வயசுங்கிறாரு.

கணக்கப்பிள்ளை:
அந்த 20 எங்க இருந்து வந்துச்சுன்னா, கனடாவுல வான்கூவர்ங்கிற ஊருல எய்ட்ஸ் ஆராய்ச்சி பண்றவங்க 1997ல ஒரு கட்டுரை போட்டாங்க, 1987ல இருந்து 1992 வரைக்கும் நடந்த சாவுகள வச்சு. எய்ட்ஸுக்கு சரியான மருந்தே இல்லாத காலம், கூட்டு மருந்து சிகிச்சை பரவலா வந்தது 1996க்கு அப்புறந்தான். அதுலயும் ஊருல கே ஆம்பளைங்க மொத்தம் எத்தன பேருன்னு யாருக்கும் தெரியாது, அதனால ஆம்பளைங்கள்ல 3, 6, 9 சதவீதம்னு மூணு விதமா வச்சுப் பாத்தாங்க. மொத்த ஆள் கம்மின்னு வச்சா அதே சாவு பெருசா தெரியும். 3 சதவீதம்னா 20 வருஷம் கம்மி, 9ன்னா 8 வருஷம். சித்தப்பா கைக்கு 20 மட்டும் வந்து சேந்துருக்கு. எங்க கட்டுரைய வச்சு வெறுப்பு பரப்புறாங்க, நிலைமை இப்ப மாறிருச்சுன்னு எழுதுனவங்களே 2001ல மறுப்பு கடிதம் போட்டாங்க, அதை எவனும் பார்வேர்டு பண்ண மாட்டான்.

பால் கேமரூன்னு ஒரு அமெரிக்கர் இன்னும் மோசம், கே பத்திரிகைகள்ல வந்த இரங்கல் செய்திய எண்ணி சராசரி வயசு போட்டாரு. நம்ம சிம்மக்கல் செவுத்துல இருக்குற கண்ணீர் அஞ்சலி போஸ்டர எண்ணி மதுரைக்காரன் ஆயுசு கண்டுபிடிக்கிற மாதிரி. உயிரோட இருக்கிறவன் அதுல எப்படி வருவான்?

ஒத்தக்கடை ராசா:
நம்ம நாட்டு கணக்கு கேட்டீங்கள்ல, இல்லைங்க. இறப்பு சர்டிபிகேட்டுல அப்படி ஒரு கட்டமே கிடையாது. 2011 சென்சஸ்ல ஆண், பெண், மத்தவங்கன்னு பாலினம் கேட்டாங்க, மத்தவங்கன்னு 4.88 லட்சம் வந்துச்சு, ஆனா யாரு மேல ஈர்ப்புன்னு கேக்கவே இல்ல. கேட்டா மட்டும்? பக்கத்துல அப்பா நிக்கிறப்ப எவன் ஆமான்னு சொல்லுவான். ஓரினச்சேர்க்கைய குற்றம்னு சொன்ன 377வது பிரிவுல, அது குற்றமில்லைன்னு சுப்ரீம் கோர்ட் தீர்ப்பு வந்ததே 2018 செப்டம்பர்லதான. நம்ம மதுரையில காதலிச்ச பொண்ணுங்க ரெண்டு பேரு வீட்டுக்குப் பயந்து சென்னைக்கு ஓடி, அந்த கேஸ்லதான் மெட்ராஸ் ஹைகோர்ட் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் 2021ல போலீஸ் தொந்தரவு பண்ணக் கூடாதுன்னு உத்தரவு போட்டாரு.

வில்லாபுரத்தான்:
ரொம்ப நன்றிண்ணே. அப்ப வித்தியாசமே இல்லைனு சித்தப்பாட்ட சொல்லலாமா?

கணக்கப்பிள்ளை:
அப்படிச் சொல்லிறாதீங்க, அதுவும் தப்பு. இங்கிலாந்துல 2021 சென்சஸ்ல 16 வயசும் அதுக்கு மேலயும் உள்ளவங்கட்ட யாரு மேல ஈர்ப்புன்னு கேட்டாங்க, விருப்பப்பட்டா சொல்லலாம்னு, 7.5 சதவீதம் பேரு பதிலே சொல்லல. அந்த சென்சஸ இறப்பு பதிவோட சேத்துப் பாத்தப்ப தற்கொலை, ஓரின, இருபால் ஈர்ப்புன்னு சொன்னவங்கள்ல மத்தவங்கள விட ரெண்டு மடங்குக்கும் மேல இருந்துச்சு. சித்தப்பாவ அப்புறம் பாத்துக்கலாம், மொதல்ல அத்தை பையனுக்கு ஒரு போன் போடுங்க.