இறக்கையின் அடியில் ஒரு கோப்ரோ: சிறு விமானத்தில் கேமரா பொருத்திய மூன்று விமானிகளின் அனுபவங்கள்

சான் ஹோசேயிலிருந்து, செஸ்னா 172

தனிநபர் விமானி உரிமம் பெற்று மூன்றாண்டுகள் ஆகின்றன. கலிஃபோர்னியாவில் ஒரு பிளையிங் கிளப்பின் செஸ்னா 172 விமானத்தை வாடகைக்கு எடுத்து, மாதம் இருமுறையாவது பறக்கிறேன். கோல்டன் கேட் பாலத்தின் மேலே சுற்றிவரும் பயணத்தை ஊரில் இருக்கும் அப்பாவுக்குக் காட்ட வேண்டும் என்ற ஆசையில்தான், விமானத்தின் வெளிப்புறத்தில் கேமரா பொருத்தும் எண்ணம் வந்தது. இடப்பக்க இறக்கையைத் தாங்கும் சாய்ந்த கம்பமான ஸ்ட்ரட்டின் மேல்முனையில் வைத்தால் என் முகமும் கீழே பாலமும் ஒரே சட்டத்தில் வரும் என்று கணக்குப் போட்டு, கிளாம்ப்பை வாங்கிக்கொண்டு கிளப்பின் மெக்கானிக்கிடம் போனேன்.

அவர் கிளாம்ப்பைக் கையில் வாங்கவே இல்லை. என்னை விமானத்தின் அடியில் குனிய வைத்து, ஸ்ட்ரட்டுக்குச் சற்றுப் பின்னால் இறக்கையிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் வளைந்த சிறு குழாயைத் தொட்டுக் காட்டினார். எரிபொருள் தொட்டிக்குள் காற்று போய்வரும் வழி அது. ஸ்ட்ரட்டைக் கடந்து வரும் காற்றோட்டத்தில் எந்த இடத்தில் இருக்க வேண்டும் என்று கணித்தே அதை அங்கே வைத்திருக்கிறார்கள். அதற்கு முன்னால் ஒரு பெட்டியை நிறுத்தினால் அங்கே அழுத்தம் மாறும், எரிபொருள் இறங்குவது பாதிக்கப்படக்கூடும் என்றார். அதே இறக்கையில்தான் வேகமானிக்கான பிட்டோ குழாயும், முன்விளிம்பில் ஸ்டால் எச்சரிக்கைக்கான, அதாவது இறக்கை தூக்குவிசையை இழக்கப்போவதை உணர்த்தும், துளையும் இருக்கின்றன. நூறு முறைக்கு மேல் அந்த விமானத்தைச் சுற்றிவந்து சோதித்திருந்தும், இவையெல்லாம் ஒரே பக்கத்தில் இருப்பதைக் கேமராவின் கண்ணால் நான் பார்த்ததே இல்லை.

முடிவில் வலப்பக்க இறக்கையின் அடியில், விமானத்தைத் தரையோடு கட்டிவைக்கும் வளையம்தான் மிஞ்சியது. கேமரா கழன்றால் நேராகப் பின்னால் வால் இறக்கையில் போய் மோதலாம்; மோதாமல் தப்பினால் யாருடைய கூரையிலோ விழும். பறக்கும் விமானத்திலிருந்து கீழே உள்ளவர்களுக்கோ அவர்களது உடைமைக்கோ ஆபத்து விளைவிக்கும் எந்தப் பொருளும் விழ விமானி இடங்கொடுக்கக் கூடாது என்கிறது அமெரிக்க விமான விதி 91.15. ஆகவே கிளாம்ப்புடன் மெல்லிய எஃகுக் கம்பி ஒன்றையும் கட்டினோம். அந்தக் கம்பி இரண்டு அங்குலத்துக்கு மேல் தளர்வாக இருக்கக் கூடாது என்பதில் மெக்கானிக் பிடிவாதமாக இருந்தார். நீளம் கூடினால், கழன்ற கேமரா இறக்கையின் பின்விளிம்பில் அசையும் பகுதிகளான ஃபிளாப்பையோ ஐலிரானையோ அடித்துக்கொண்டே வரும் என்பது அவர் சொன்ன காரணம். இந்தப் பொருத்தலை விமானத்தில் செய்யும் மாற்றமாகக் கருத வேண்டுமா என்ற கேள்வியை நாங்கள் இருவரும் தீர்மானிக்க முயலாமல், கிளப்பின் எழுத்துமூல அனுமதியையும் காப்பீட்டாளரின் ஒப்புதலையும் பெற்ற பிறகே விமானத்தைத் தொட்டோம். அதற்கு ஆறு வாரங்கள் ஆயின.

வீட்டில் உட்கார்ந்து கணக்கிட்டுப் பார்த்தேன். 110 நாட் வேகத்தில், அதாவது மணிக்கு ஏறக்குறைய 204 கிலோமீட்டரில், அந்தச் சிறிய பெட்டியின் முகத்தில் காற்று கொடுக்கும் அழுத்தம் முக்கால் கிலோ எடைக்குச் சமம். வேகம் இருமடங்கானால் அது நான்கு மடங்காகும். கேட்பதற்குப் பெரிதாகத் தெரியாது. ஆனால் அதிர்வோடு சேர்ந்து ஒரு மணி நேரம் இடைவிடாமல் இழுத்தால், கையால் இறுக்கிய திருகு எவ்வளவு நேரம் தாங்கும் என்று யோசித்தபோது, மறுநாளே திருகாணிகளில் பூட்டுப்பசை போட்டேன்.

முதல் காணொளியில் பாலம் அழகாக வந்திருந்தது, புரொப்பெல்லர்தான் அசிங்கமாக இருந்தது. வளைந்து, துண்டுபட்டு, வாழைப்பழங்களைப் போலக் காற்றில் மிதந்தது. கேமராவின் சென்சார் படத்தை வரிவரியாகப் படிப்பதால், மேல் வரியிலிருந்து கீழ் வரிக்கு வருவதற்குள் புரொப்பெல்லரின் அலகு, அதாவது சுழலும் தகடு, நகர்ந்துவிடுகிறது. நிமிடத்துக்கு 2400 சுற்று என்றால் நொடிக்கு 40 சுற்று. நல்ல வெயிலில் கேமரா தானாக நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஷட்டர் வேகத்தை எடுத்துக்கொண்டால், அந்த நேரத்தில் அலகு 14 பாகை மட்டுமே திரும்பி, ஒவ்வொரு துண்டும் கூர்மையாகத் தெரியும். வெளிச்சத்தைப் பதினாறில் ஒன்றாகக் குறைக்கும் என்டி 16 ஃபில்டரைப் போட்டு, ஷட்டரை அறுபதில் ஒரு பங்குக்குக் கொண்டுவந்தால், அதற்குள் அலகு 240 பாகை சுழன்றுவிடும். இரண்டு அலகுகள் சேர்ந்து வட்டம் முழுவதையும் மறைத்து, நம் கண்ணுக்குத் தெரிவது போன்ற மங்கலான தட்டாகப் பதிவாகும். மூன்று டாலர் கண்ணாடித் துண்டு, மென்பொருளால் செய்ய முடியாததைச் செய்தது.

டென்வரிலிருந்து, பைப்பர் செரோக்கி

வெளியே பொருத்தும் துணிச்சல் எனக்கு இல்லை. ஆனால் உள்ளே வைத்தால் பிரச்சினை இல்லை என்று நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். முன்கண்ணாடியின் வலமூலையில் சக்‌ஷன் கப்பால் கேமராவை ஒட்டிக்கொண்டு மலையடிவாரத்தின் மேல் 10,500 அடியில் பறந்துகொண்டிருந்தேன். அந்த உயரத்தில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் 70 சதவீதத்துக்கும் சற்றுக் குறைவு. கப்பைக் கண்ணாடியோடு அழுத்திப் பிடிப்பது வெளிக்காற்றின் அழுத்தமே என்பதால், ஏற ஏறப் பிடி தளர்கிறது. கப்புக்குள் சிக்கியிருந்த சிறிதளவு காற்றும் விரிகிறது. தரையில் இழுத்துப் பார்த்தபோது கல் போல இருந்தது மேலே போனதும் சத்தமில்லாமல் கழன்று, டேஷ்போர்டில் உருண்டு, வாலில் உள்ள சுக்கானைத் திருப்பும் வலப்பக்க ரட்டர் பெடலுக்கு அடியில் போய்ச் செருகிக்கொண்டது.

இரண்டு பக்கப் பெடல்களும் ஒன்றோடொன்று இணைந்தவை. என் காலை அழுத்தினேன். பாதி வழியில் நின்றுவிட்டது. பக்கத்தில் என் மனைவி இருந்ததால், இருக்கையைப் பின்தள்ளிக் குனிந்து எடுத்துவிட்டார். தனியாகப் பறந்திருந்தால் அந்தப் பாதிப் பெடலோடுதான் குறுக்குக் காற்றில் இறங்கியிருப்பேன். இப்போது உள்ளே வைக்கும் கேமராவுக்கும் கயிறு உண்டு. இடமும் முன்கண்ணாடி அல்ல, பின்னிருக்கையின் பக்கக் கண்ணாடி. அக்ரிலிக் கண்ணாடியைத் துடைக்க அம்மோனியா கலந்த திரவங்களைத் தொடவே கூடாது. மெல்லிய கீறல்கள் பரவி, பிறகு கண்ணாடியை மாற்றும் செலவு கேமராவின் விலையைப் பலமுறை தாண்டும்.

காந்தத் திசைகாட்டிக்குப் பக்கத்தில் கேமராவை வைத்துவிட்டு, ரன்வேயின் திசையோடு திசைகாட்டி ஒத்துவரவில்லையே என்று குழம்பிய கதையும் உண்டு. அதை விட்டுவிடுகிறேன்.

அரிசோனாவிலிருந்து, பயிற்றுநர்

மேலே எழுதிய இருவரும் கேமரா விமானத்துக்கு என்ன செய்யும் என்று சொல்லியிருக்கிறார்கள். விமானியின் கண்ணுக்கு அது என்ன செய்யும் என்பதை நான் வலப்பக்க இருக்கையிலிருந்து பார்த்திருக்கிறேன். ஒரு மாணவர் ரன்வேயை நோக்கிக் கடைசித் திருப்பத்துக்கு வரும்போது, கேமராவின் சிவப்பு விளக்கு மின்னுகிறதா என்று பார்க்கத் தலையைத் திருப்பினார். மூன்று நொடிகள்தான் இருக்கும். 70 நாட்டில் இருக்க வேண்டிய வேகம் 61க்கு இறங்கியிருந்தது. மாணவர் அதைக் கவனிக்கவில்லை, நான் கவனித்தேன்.

2014 மே 31 அன்று கொலராடோவின் வாட்கின்ஸ் அருகே ஒரு செஸ்னா 150 விழுந்து, அதிலிருந்த இருவரும் இறந்தார்கள். விமானத்தில் கிடைத்த கோப்ரோவில் விபத்துப் பயணம் பதிவாகவில்லை. முந்தைய பயணங்கள் பதிவாகியிருந்தன, அவற்றில் ஒன்றில் இரவு நேரத்தில் விமானி பறந்துகொண்டே கைபேசியில் ஃபிளாஷ் வெளிச்சத்துடன் தம்மைத் தாமே படம் எடுத்துக்கொண்டிருந்தார். இரவிலும் தாழ்ந்த மேகத்திலும் திசையுணர்வு இழந்து விமானம் ஸ்டாலாகியது என்றும், கைபேசியால் ஏற்பட்ட கவனச்சிதறல் அதற்குப் பங்களித்திருக்கலாம் என்றும் புலனாய்வு முடிவு சொன்னது. என் மாணவர்கள் இன்ஜினை இயக்கும் முன் பதிவைத் தொடங்க வேண்டும். இன்ஜின் நின்ற பிறகே கேமராவைத் தொடலாம். நடுவில் பேட்டரி தீர்ந்தால் தீரட்டும்.

சான் ஹோசேயிலிருந்து, மீண்டும்

பயிற்றுநர் சொன்னதைப் படித்துவிட்டு என் பழைய பதிவுகளைப் போட்டுப் பார்த்தேன். இறக்கைக் கேமரா கைக்கெட்டாத தூரத்தில் இருப்பதால் தொட வாய்ப்பில்லை. ஆனால் அதன் பக்கமாக நான் எத்தனை முறை திரும்பிப் பார்த்திருக்கிறேன் என்று அதுவே காட்டிக்கொடுக்கிறது: நாற்பது நிமிடப் பயணத்தில் பதினேழு முறை.

இன்னொன்று. ஃபில்டர் போட்டு, இரைச்சலுக்குப் பதிலாக ஹெட்செட் கம்பி வழியாக ரேடியோப் பேச்சையும் பதிந்து, செப்பனிட்ட காணொளியை அப்பாவுக்கு அனுப்பினேன். மறுநாள் தொலைபேசியில், பாலத்தைப் பற்றி ஒரு சொல் கூடப் பேசாமல், "ஓரத்துல ஒரு கம்பி ஆடிக்கிட்டே இருக்கே, அது அறுந்துடாதாடா?" என்றுதான் கேட்டார். அந்த இரண்டு அங்குலத் தளர்வு. இப்போது அதன் மேல் டேப் சுற்றியிருக்கிறேன்.