விமர்சனத்துல 9, ஸ்டீம்ல சிவப்பு: 6 ஜிபி கார்டுக்கு எதை நம்பி வாங்குற?

கல்லடி_கண்ட்ரோலர் (கல்லடி, மட்டக்களப்பு)

வணக்கம் எல்லாருக்கும். ஒரு கேமுக்குத்தான் காசு இருக்கு. மொன்ஸ்டர் ஹண்டர் வைல்ட்ஸ், கிளேர் ஒப்ஸ்கியூர்: எக்ஸ்பெடிஷன் 33, ஹொலோ நைட்: சில்க்சோங், இந்த மூண்டுக்குள்ள ஒண்டு. மெஷின்: ஐ5-10400எஃப், ஜிடிஎக்ஸ் 1660 சூப்பர் 6 ஜிபி கிராபிக்ஸ் கார்ட், 16 ஜிபி ரேம், எஸ்எஸ்டி, 1080பி 60 ஹேர்ட்ஸ் மொனிட்டர்.

வைல்ட்ஸுக்கு விமர்சகர்கள் 8, 9 எண்டு அள்ளிக் குடுத்திருக்காங்க, கேம் விக்கிற ஸ்டீம் கடையில விளையாடினவங்க சிவப்பு மதிப்பீடு போட்டுக் கிழிச்சுத் தொங்கப்போட்டிருக்காங்க. சில்க்சோங் "அநியாயக் கஷ்டம்" எண்டு பாதிப் பேர். எக்ஸ்பெடிஷன் 33ஐ மட்டும் ஒருத்தரும் குறை சொல்லக் காணேல்ல, அதுவே சந்தேகமா இருக்கு. புகழ்ச்சி வேணாம். எதுல என்ன பிழை, அந்தப் பிழை இந்த மெஷின்ல எவ்வளவு உறைக்கும் எண்டு தெரிஞ்சவங்க சொல்லுங்க.

---

பொட்டில்நெக் (கல்முனை)

தம்பி, முதல்ல வைல்ட்ஸ். ரெண்டு பக்கமும் உண்மைதான் சொல்றாங்க, ஆனா வேற வேற மெஷின்ல இருந்து சொல்றாங்க. 2025 பெப்ரவரி 28 வெளியீடு. கேமைச் செஞ்ச கெப்கொம் போட்ட குறைந்தபட்சத் தேவையை வாசிச்சுப் பாருங்க: ஐ5-10400, ஜிடிஎக்ஸ் 1660 6 ஜிபி. அதாவது கிட்டத்தட்ட உங்கட மெஷினேதான். அதுக்கு அவங்க தாற வாக்குறுதி என்ன தெரியுமா? ஆகக் குறைஞ்ச செட்டிங், 720பியில வரைஞ்சு 1080பிக்குப் பெருப்பிச்ச படம், விநாடிக்கு 30 பிரேம் (படம்). "பரிந்துரை" வரிசைக்குப் போனா ஆர்டிஎக்ஸ் 2060 சூப்பர், 60 பிரேம். அந்த 60ம் பிரேம் ஜெனரேஷன் போட்ட பிறகுதான்.

இதுதான் எனக்குப் பிடிக்காத இடம். பிரேம் ஜெனரேஷன் ரெண்டு உண்மைப் பிரேமுக்கு நடுவுல ஒரு பொய்ப் பிரேமைச் செருகும். அடுத்த உண்மைப் பிரேம் வந்தாத்தான் நடுவுல செருக ஏலும், அதனால படம் வழுக்கிக்கொண்டு போகும், கை பிந்தும். அடிப்படையில 60 இருக்கிற மெஷினுக்கு அது நல்ல வசதி. 30ல இருந்து அதைப் போட்டா, பட்டனை அமத்தினதுக்கும் வாள் வீசுறதுக்கும் இடையில தெளிவா ஒரு இழுவை விளங்கும். லோங் சோர்ட்ல எதிரடி எடுக்கிற ஆளுக்கு அது சரிவராது.

6 ஜிபியில மற்றப் பிரச்சினை டெக்ஸ்சர், அதாவது பொருட்கள்ட மேற்பரப்புப் படம். மீடியம் வச்சா விராம் (கார்டுட சொந்த மெமரி) நிரம்பி, மிச்சம் மெயின் ரேமுக்கு வழியும். கெமராவைச் சட்டெண்டு திருப்பினா ஒரு வெட்டு விழும். லோ வச்சா வெட்டு குறையும், பாறையும் தோலும் களிமண் மாதிரித் தெரியும். சின்னப் படத்தைப் பெருப்பிக்கிற டிஎல்எஸ்எஸ்ஸும் இந்தக் கார்டுல இல்ல, எஃப்எஸ்ஆர் மாதிரி மற்ற வழிதான். கடைசியா ரிவாட்யூனர் மென்பொருளால 30க்குப் பூட்டி விளையாடுறதுதான் நேர்மையான செட்டிங். 28க்கும் 45க்கும் இடையில ஏறி இறங்குற படத்தை விட, அசையாத 30 கண்ணுக்கு நல்லம்.

வாங்க முதல் ஒரு வேலை செய்யுங்க. ஸ்டீம்ல மெஷினைச் சோதிக்கிற வைல்ட்ஸ் பெஞ்ச்மார்க் இலவசமாக் கிடக்கு. கடைசியில வாற சராசரியை நம்ப ஒண்ணா, அதுல பாதி கட்சீன் (கதைக் காட்சி). புல்வெளியில மிருகக் கூட்டம் ஓடுற இடத்திலயும், ஊருக்குள்ள நுழையிற இடத்திலயும் எத்தனை பிரேம் காட்டுது எண்டு மட்டும் பாருங்க. பெஞ்ச்மார்க் வந்தது வெளியீட்டுக்கு முதல். பிறகு வந்த அப்டேட்டுகள்ல ஸ்டீம் பதிப்புக்கெண்டே திருத்தங்கள் செஞ்சிருக்காங்க. ஆனா ஆறு ஜிபி ஆறு ஜிபிதான்.

விளையாட்டுப் பக்கத்துக் குறையும் இருக்கு. முதல் பாதி முழுக்க சீக்ரெட் எண்ட சவாரி மிருகத்துல ஏத்தி, அது தானா ஓட, பக்கத்துல ஆள் கதை சொல்ற. காயத்தை உடைச்சா மொன்ஸ்டர் உடனே விழுந்திரும், அதனால வேட்டை கெதியா முடியும். பழைய ஆக்களுக்கு இது சப்பெண்டு இருக்கும், புதுசா வாறவங்களுக்கு வசதி.

---

காத்தான்குடி_கேச் (காத்தான்குடி)

பொட்டில்நெக் நானா சொன்னது சரி. நான் ஸ்டீம் மதிப்பீட்டை எப்பிடி வாசிக்கிற எண்டு மட்டும் சொல்றன், ஏனெண்டா சிவப்பு எல்லாம் ஒரே சிவப்பு இல்ல.

சில்க்சோங் 2025 செப்டெம்பர் 4 வந்தவுடன சீன மொழி மதிப்பீடு மோசமா விழுந்திச்சி. முக்கிய காரணம் மொழிபெயர்ப்பு. நமக்கும் அதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல. அதே ஆண்டு ஓகஸ்ட்ல இருந்து ஸ்டீம் மொழி வாரியாவும் மதிப்பெண் காட்டுது, அதனால மதிப்பீட்டுப் பகுதியில மொழி ஃபில்டரைப் பாத்திட்டு வாசிக்கணும்.

ஹெல்டைவர்ஸ் 2 எண்ட கேமுக்கு 2024 மே மாசம் விழுந்த அடி வேற சாதி. பிஎஸ்என் (சோனிட பிளேஸ்டேஷன் இணையச் சேவை) கணக்கு கட்டாயம் எண்டு சோனி அறிவிச்சிச்சி. பிஎஸ்என் சேவை இல்லாத 177 இடங்கள்ல விற்பனையையும் நிப்பாட்டிச்சி, அதுல இலங்கையும் ஒண்டு. சில நாள்ல கட்டாயத்தை வாபஸ் வாங்கினாங்க. அந்தச் சிவப்பு கேமைப் பத்தினது இல்ல, ஆனா நம்மட நாட்டு ஆளுக்கு அதுதான் ஆக முக்கியமான தகவலா இருந்திச்சி. வெளிநாட்டு விமர்சனம் ஒண்டுலயும் "உங்கட நாட்டுல வாங்க ஏலுமா" எண்டு மதிப்பெண் போடமாட்டாங்க.

வைல்ட்ஸ்ட சிவப்பு மூண்டாவது வகை: கூடுதலா பெர்ஃபோமன்ஸ், அதோட வெளியீட்டுல கடைசிக் கட்டம் மெலிவா இருந்தது. மதிப்பீடு எழுதினவர்ட விளையாட்டு நேரத்தையும் பாருங்க. 1 மணித்தியாலத்துல திட்டினவர் பெரும்பாலும் மெஷினைத் திட்டுறார், 150 மணித்தியாலத்துல திட்டினவர் கேமைத் திட்டுறார்.

ரீஃபண்ட் விதி: வாங்கி 14 நாளுக்குள்ள, விளையாட்டு நேரம் 2 மணித்தியாலத்துக்குக் குறைய. வைல்ட்ஸ்ல முதல் தரம் ஷேடர் (படம் வரையிற சின்ன நிரல்) கம்பைல் ஆகுற நேரமும் அந்த 2 மணித்தியாலத்துக்குள்ளதான் ஓடும். மறுகா கெரக்டர் செய்ற நேரம், கதை நேரம். கண்ணைத் திறந்து பாக்கக்குள்ள நேரம் முடிஞ்சிரும். முகத்துக்கு மூக்கு செதுக்கிக்கொண்டு இரிக்காம, வாற முகத்தோட போய் முதல் திறந்தவெளியைப் பாத்திட்டு முடிவெடுங்க.

விலையும் அப்பிடித்தான். ஸ்டீம் இலங்கையைத் தெற்காசிய டொலர் பிரிவில வச்சிரிக்கி. கொம்பனி விரும்பினா நமக்குக் குறைச்சுப் போடலாம், விரும்பாட்டி அமெரிக்க விலைதான். "இந்தக் காசுக்கு இது பெறுமதி" எண்டு விமர்சகர் சொன்னா, அது அவர்ட ஊர்க் காசு.

---

வாழைச்சேனை_வெக்டர் (வாழைச்சேனை)

சில்க்சோங் பற்றி. மெஷின் கவலையே வேண்டாம். பரிந்துரையே ஜிடிஎக்ஸ் 1050தான், 8 ஜிபி இடம் போதும், அசையாத 60 பிரேம் வரும். அமெரிக்க விலை 19.99 டொலர், எக்ஸ்பெடிஷன் 49.99.

"அநியாயக் கஷ்டம்" என்பதைப் பிரித்துப் பார்க்க வேண்டும். நாம் ஆடும் பாத்திரமான ஹோர்னெட் 5 மாஸ்க்கோடு (உயிர் அளவு) தொடங்குகிறாள். பல எதிரிகளின் அடி 2 மாஸ்க் எடுக்கும். ஆகவே 3 அடியில் சாவு. முதல் ஆயுள் நீட்டிப்பு கிடைத்து 6 ஆனாலும் அதே 3 அடிதான். கஷ்டப்பட்டுத் தேடியதற்குப் பலன் இல்லை. அடுத்தது 7க்குப் போகும்போதுதான் ஒரு அடி கூடும். இது வெறும் கஷ்டமில்லை, கணக்குப் பிழை என்பது என் கருத்து. மறுபக்கம், சில்க்கைச் செலவழித்துப் பைண்ட் (குணமாக்கல்) செய்தால் ஒரே தடவையில் 3 மாஸ்க் திரும்பும், அதையும் ஆகாயத்தில் வைத்தே செய்யலாம். முந்தைய கேம் போல நின்று ஒன்று ஒன்றாக ஏற்றினால் சாவுதான். சில்க் சுருள் நிரம்பும் வரை திறமைகளில் வீணாக்காமல் பைண்டுக்கு வைத்திருக்கப் பழகியவர்களுக்குக் கேம் பாதி இலகு.

இரண்டாவது முறைப்பாடு ரோசரி, அதாவது கேமுக்குள் உள்ள காசு. இறந்தால் கையிலுள்ள எல்லாம் அந்த இடத்துக் கூட்டில் தங்கும், எடுக்கப் போகும் வழியில் மறுபடி இறந்தால் போயிற்று. சேவ் செய்யும் பெஞ்சில் அமரவே சில இடங்களில் காசு. 80 ரோசரி கொடுத்தால் 60 பெறுமதியுள்ள கோர்வை கிடைக்கும். 20 நட்டம்தான், ஆனால் கோர்த்தது சாவில் போகாது. பொஸ் (பெரிய எதிரி) அறைக்கு முன் கோர்த்துவிடுங்கள். முதல் பெட்ச்சிலேயே (திருத்த அப்டேட்) மூர்விங், சிஸ்டர் ஸ்பிளின்டர் என்ற பொஸ்கள் இரண்டையும் சற்று இலகுவாக்கி, நடுப்பகுதிப் பெஞ்ச் விலையையும் குறைத்தார்கள். ஆக, முறைப்பாட்டில் நியாயம் இருந்தது.

லாஸ்ட் ஜட்ஜ் என்ற பொஸ்ஸுக்குப் போகும் ஓட்டத்தை மட்டும் எவர் எப்படி நியாயப்படுத்தினாலும் நான் ஏற்கமாட்டேன். பொஸ்ஸிடம் கற்பது விளையாட்டு. அதே மணல் பாதையில் அதே எதிரிகளைத் தாண்டி ஒவ்வொரு முறையும் ஓடுவது நேரக்கொலை.

சாய்வான கீழ் அடி பிடிக்காமல் பலர் விடுகிறார்கள். அடிக்கும் பாணியை மாற்றும் வாண்டரர் கிரெஸ்ட் கிடைத்தால் பழைய மாதிரி நேர் கீழ் அடி வரும்.

---

அக்கரைப்பற்று_அல்பா (அக்கரைப்பற்று)

எக்ஸ்பெடிஷன் 33க்குக் குறை இல்லை எண்டு ஆர் சொன்ன? 2025 த கேம் அவார்ட்ஸ்ல ஆண்டின் சிறந்த கேம் எடுத்ததுக்குப் பிறகு குறை சொல்றவங்கட குரல் அமுங்கிட்டு, அவ்வளவுதான்.

ஒண்டு, பாதைகளுக்குள்ள மினிமெப் இல்ல. விளக்குக் கம்பத்தைப் பாத்து வழி பிடிக்கணும். ரெண்டு, பிக்டோ (பாத்திரத்துக்குப் போடுற திறன்) பட்டியல். ஒவ்வொண்டையும் போட்டு 4 சண்டை வெண்டா அதுட பலன் லூமினாவா எல்லாருக்கும் கிடைக்கும், நல்ல யோசனை. நூற்றுக்கு மேல சேர்ந்த பிறகு அந்த மெனுவில தேடி எடுக்கிறதுதான் தலையிடி. மூண்டு, சமநிலை. முதல் ரெண்டு அங்கத்துக்கும் ஒரு அடிக்கு 9,999தான் எல்லை. மூண்டாம் அங்கத்துல பெயின்டட் பவர் எண்ட பிக்டோவைப் போட்டவுடன எல்லை உடையும். பக்கவழி இடங்கள் எல்லாம் முடிச்சிட்டு கடைசிப் பொஸ்ஸுக்குப் போனா அவர் வாய் திறக்க முதலே முடிஞ்சிருவார். கதையின்ட கனம் அதுல அடிபட்டுப் போகும். மயெல் எண்ட பாத்திரத்தின்ட ஸ்டென்டால் அடியை பெட்ச்சில குறைச்சும் நிலைமை பெரிசா மாறல்ல. கடைசிப் பொஸ் சண்டையா இரிக்கணுமெண்டா, மூண்டாம் அங்கம் தொடங்கினதும் நேராக் கதையை முடிச்சிட்டு, பக்கவழியைப் பிறகு பாருங்க.

பெரியை (parry, வாற அடியைத் தட்டிவிடுறது) பத்தி எல்லாரும் அழுறது வேற. எதிரி கையை ஓங்கி ஒரு கணம் நிப்பாட்டி மறுகா அடிக்கும், ஓங்கினதைப் பாத்து அமத்தினா தவறிப்போகும். பழகுற வழி: புது எதிரியோட முதல்ல டொட்ஜ் (விலகுறது) மட்டும். டொட்ஜுக்கு இடைவெளி பெரிசு. அதுல "பெர்ஃபெக்ட்" விழத் தொடங்கினா, அதே நேரத்துல பெரிக்கு மாறலாம், ரெண்டுக்கும் அந்தக் கணம் ஒண்டுதான். புளூடூத் இயர்ஃபோன் போட ஒண்ணா. சத்தம் பிந்தி வரும், இந்தக் கேம்ல பாதி நேரம் காதாலதான் பெரி பண்ற. டீவியில விளையாடினா கேம் மோட் போடுங்க.

மெஷின்: குறைந்தபட்சம் ஜிடிஎக்ஸ் 1060 6 ஜிபி. உங்கட கார்டுல லோ-மீடியம் கலந்து, படத்தைப் பெருப்பிக்கிற எக்ஸ்இஎஸ்எஸ் போட்டு ஓட்டலாம். இடைக்கிடை வெட்டு விழும், அன்ரியல் 5 எஞ்சின் அப்பிடித்தான். ஒரே இடத்தை ரெண்டாம் தரம் கடக்கக்குள்ள வெட்டு இல்லாட்டி அது ஷேடர், பிறகு வராது. ரெண்டாம் தரமும் அதே இடத்துல விழுந்தா அது ட்ரெவர்சல் (அடுத்த இடத்தை ஏத்தக்குள்ள விழுற வெட்டு), செட்டிங்கால மாத்தேலாது. ஆனா இது முறை வச்சு அடிக்கிற சண்டை, நடக்கக்குள்ள விழுற வெட்டு வைல்ட்ஸ் மாதிரி உயிரை எடுக்காது.

---

கல்லடி_கண்ட்ரோலர்

நன்றி எல்லாருக்கும். வைல்ட்ஸை விட்டாச்சு. எக்ஸ்பெடிஷனா சில்க்சோங்கா எண்டுதான் இப்ப. லைன் 20 எம்பிபிஎஸ், பகல் டேட்டா கொஞ்சம், இரவுக்குத்தான் மிச்சம்.

---

காத்தான்குடி_கேச்

20 எம்பிபிஎஸ் முழுசா வந்தா எக்ஸ்பெடிஷன்ட 55 ஜிபிக்கு 6 மணித்தியாலம் சொச்சம், சில்க்சோங் ஒரு மணித்தியாலத்துக்குள்ள. ஸ்டீம் செட்டிங்ல டவுன்லோட்ஸுக்குள்ள போய் ஓட்டோ அப்டேட் நேரத்தை இரவுக்கு மாத்துங்க. இல்லாட்டி ஒரு பெட்ச் வந்து பகல் டேட்டாவைத் திண்டிரும்.

கூட்டாளிக்கிட்ட அந்தக் கேம் இரிந்தா இன்னும் நல்லம். அவர்ட ஸ்டீம்ஆப்ஸ் ஃபோல்டருக்குள்ள கொமன்ல இரிக்கிற கேம் ஃபோல்டரை எக்ஸ்டர்னல் டிஸ்க்ல கொப்பி பண்ணி, உங்கட கொமன் ஃபோல்டருக்குள்ள பேர் மாத்தாம வைங்க. மறுகா இன்ஸ்டோல் அமத்தினா, இருக்கிறதைச் சரிபாத்திட்டு விடுபட்டதை மட்டும் இறக்கும். கேமை நீங்களும் வாங்கி இரிக்கணும், அது வேற கதை.

---

பொட்டில்நெக்

ஒண்டு விடுபட்டுப் போச்சு. வெளிநாட்டு டெஸ்ட் எல்லாம் ஏசி அறையில. கச்சான் காத்து வீசுற மாசத்துல கல்லடியில மத்தியானம் எக்ஸ்பெடிஷன் ஓட்டினா கார்ட் சூடாகி க்ளொக்கை (ஓடுற வேகத்தை) குறைக்கும், அதைப் பாத்திட்டு கேம் பிழை எண்டு எழுதாதீங்க. ஆஃப்டர்பேர்னர் மென்பொருள்ல பவர் லிமிட்டை 85 வீதத்துக்கு இறக்குங்க. ஒண்டு ரெண்டு பிரேம்தான் போகும், சூடு நல்லாக் குறையும். கேஸ் முன்பக்கத்துத் தூசி வலையையும் கழட்டித் தட்டுங்க. கடற்கரைப் பக்கமெண்டா அந்தத் தூசி ஈரத்தோட சேர்ந்து பசை மாதிரிப் பிடிச்சிருக்கும், ஊதினா போகாது, கழுவிக் காயவைச்சுப் போடணும்.

என்னட்டக் கேட்டா இண்டைக்கு சில்க்சோங், எக்ஸ்பெடிஷனை அடுத்த சேலுக்கு விஷ்லிஸ்ட்ல போடுங்க.

---

வாழைச்சேனை_வெக்டர்

விஷ்லிஸ்ட் சரி. ஆனால் சில்க்சோங் வாங்கினால் லாஸ்ட் ஜட்ஜுக்குப் பிறகு இங்கே வந்து திட்டக்கூடாது.